எம்.எம்.ஆர் ஊசிக்குப் பிறகு 42 நாட்கள்: எந்தப் பக்கவிளைவு எப்போது வரும், வந்தால் என்ன செய்வது

தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது எம்.எம்.ஆர் ஊசி. இதில் பெற்றோர் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். மற்ற பல ஊசிகளுக்குக் காய்ச்சல் அன்று இரவே வரும். இதற்கு ஒரு வாரம் கழித்து வரும். முதல் இரண்டு நாள் கண்விழித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். எட்டாவது நாள் உடம்பு கொதிக்கும்போது ஊசியின் ஞாபகமே வருவதில்லை. வேறு ஏதோ நோய் என்று பயந்து, தேவையே இல்லாத ஆன்டிபயாட்டிக் வரை போய்விடுகிறது. வேறு சிலர், மூன்று மாதம் கழித்து வரும் சளிக்கும் இந்த ஊசியைத்தான் காரணம் சொல்வார்கள்.

ஊசி போடும் இடத்தில் பெற்றோருக்கு விளக்கம் சொல்லும்போது இந்த இரண்டையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அதனால்தான் இந்த வழிகாட்டியை நாள் வரிசையில் எழுதியிருக்கிறேன். எந்த அறிகுறி வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி "இன்று எத்தனையாவது நாள்?" என்பதுதான்.

ஏன் இப்படித் தள்ளி வருகிறது? இது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ்களைக் கொண்ட ஊசி. உடம்புக்குள் போன வைரஸ் கொஞ்சம் பெருகி, அதைப் பார்த்து எதிர்ப்பாற்றல் விழித்துக்கொள்ளும்போதுதான் காய்ச்சலும் தடிப்பும் வரும். மூன்று வைரஸும் ஒரே வேகத்தில் பெருகுவதில்லை. தட்டம்மைப் பகுதியின் விளைவு 6 முதல் 12 நாளில், ரூபெல்லாவின் மூட்டுவலி 1 முதல் 3 வாரத்தில், புட்டாளம்மையின் வீக்கம் ஏறக்குறைய 2 முதல் 4 வாரத்தில் தெரியும். ஒரே ஊசிதான், ஆனால் மூன்று காலக்கணக்கு.

1. ஊசிக்கு முந்தைய நாளே எடுத்து வைக்க வேண்டியவை

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும். நெற்றியில் கை வைத்துப் பார்த்து "நல்ல சூடு" என்று சொன்னால் மருத்துவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், அதற்கு மேல் போனால்தான் காய்ச்சல்.

குழந்தையின் இப்போதைய எடையைக் குறித்து வையுங்கள். காய்ச்சல் மருந்தின் அளவு எடையை வைத்துத்தான். போன வருஷ எடை உதவாது. ஊசி போடும் இடத்திலேயே எடை பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

பாராசிட்டமால் பாட்டில் வீட்டில் இருந்தால் லேபிளைப் படித்து, எத்தனை மி.லி.யில் எத்தனை மி.கி. என்பதையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். மருந்து அளக்க மி.லி. கோடு போட்ட ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கி வையுங்கள். சமையலறைக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு.

தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஊசி போட்டதும் தேதி, நேரம், தயாரிப்பின் பெயர், பேட்ச் எண், எந்தக் கை அல்லது தொடை என்பது எல்லாம் அதில் ஏறியிருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். பேட்ச் எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. அரிதாக ஏதாவது பெரிதாக நடந்து புகார் பதிவானால், அதே பேட்ச்சில் வேறு யாருக்காவது அப்படி ஆனதா என்று தேடுவதற்கு அந்த எண் ஒன்றுதான் வழி.

2. ஊசி போடுமுன் வாய்விட்டுச் சொல்ல வேண்டியவை

அவசரத்தில் கேட்காமல் விடுவார்கள், கேட்டாலும் தலையாட்டிவிடுவோம். கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

முந்தைய டோஸுக்கு உடனடியாகத் தீவிர ஒவ்வாமை வந்திருந்தால், அல்லது நியோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக், ஜெலட்டின் இவற்றுக்குத் தீவிர ஒவ்வாமை உண்டென்றால் ஊசி போடக்கூடாது. நியோமைசின் மிகச் சிறிய அளவில் இந்த ஊசியில் இருக்கும். ஜெலட்டின் சில தயாரிப்புகளில் இருக்கும்.

குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் கடுமையாகக் குறைந்திருந்தால் உயிருள்ள வைரஸ் ஊசி ஆபத்து. புற்றுநோய் சிகிச்சை, பிறவிக் குறைபாடு, அதிக அளவில் ஸ்டீராய்டு எல்லாம் இதில் சேரும். தினமும் கிலோவுக்கு 2 மி.கி. அல்லது அதற்கு மேல், 14 நாளோ கூடுதலாகவோ ஸ்டீராய்டு சாப்பிட்டிருந்தால், நிறுத்தி ஒரு மாதமாவது கழித்துத்தான் போடுவார்கள். மூச்சில் இழுக்கும் இன்ஹேலரும் தோலில் தடவும் களிம்பும் இந்தக் கணக்கில் வராது.

சமீபத்தில் ரத்தமோ, ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினோ ஏற்றியிருந்தால் 3 முதல் 11 மாதம் வரை தள்ளிப்போட வேண்டியிருக்கும். இதில் பயம் பக்கவிளைவைப் பற்றியது அல்ல. ஏற்றிய ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் ஊசியின் வைரஸை அழித்துவிடும், ஊசி வீணாகும். இதைச் சொல்ல மறப்பவர்கள் நிறைய.

கடந்த 28 நாளில் வேறு உயிருள்ள ஊசி, உதாரணமாகச் சின்னம்மை ஊசி, போட்டிருந்தால் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நாளில் போடலாம். இல்லையென்றால் 28 நாள் இடைவெளி வேண்டும். காசநோய்க்கான தோல் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். இந்த ஊசி சில வாரங்களுக்கு அந்தப் பரிசோதனையைப் பொய்யாக "இல்லை" என்று காட்டவைக்கும்.

பெரியவர்கள் போட்டுக்கொள்வதென்றால், கர்ப்பமாக இருக்கும்போது கூடாது. போட்ட பிறகும் 4 வாரம் கர்ப்பம் தரிப்பதைத் தள்ளிப்போட வேண்டும். தெரியாமல் போட்டுவிட்டால் மருத்துவரிடம் சொல்லிக் கண்காணிப்பில் இருந்தால் போதும். அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை.

தடையில்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், இவற்றுக்காக ஊசியைத் தள்ளிப்போடுவதுதான் அதிகம். லேசான சளி, லேசான வயிற்றுப்போக்கு, தாய்ப்பால் குடிப்பது, வீட்டில் கர்ப்பிணி இருப்பது எதுவும் தடையல்ல. முட்டை ஒவ்வாமையும் தடையல்ல. தட்டம்மை, புட்டாளம்மை வைரஸ்களைக் கோழிக்கரு செல்லில் வளர்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஊசியில் மிஞ்சும் முட்டைப் புரதம் ஒவ்வாமையைக் கிளப்பும் அளவுக்கு இருப்பதில்லை.

3. முதல் அரை மணி நேரம்: கிளம்பாதீர்கள்

இந்த ஊசி உள்ளே போகும்போது எரியும். அதனால் ஒரே வருகையில் பல ஊசி இருந்தால் இதைக் கடைசியில் போடச் சொல்லலாம். குழந்தையைப் படுக்கவைத்து அமுக்கிப் பிடிப்பதைவிட மடியில் நிமிர்த்தி அணைத்துப் பிடிப்பது நல்லது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தையென்றால் குடிக்கும்போதே போடலாம்.

போட்டு முடித்ததும் 15 முதல் 30 நிமிடம் அங்கேயே இருங்கள். அனஃபிலாக்சிஸ் என்னும் தீவிர ஒவ்வாமை ஏறத்தாழ 10 லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும். ஆனால் வந்தால் நிமிடங்களில் வரும், அட்ரினலின் உடனே தொடையில் போட்டால் அடங்கும். அந்த மருந்தும் போடத் தெரிந்தவரும் இருக்கும் இடத்தில் அந்த நேரத்தைக் கழிக்கத்தான் காத்திருக்கச் சொல்கிறோம்.

காத்திருக்கும்போது குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போன் பார்ப்பது வழக்கமாக நடக்கும் தவறு. முகம் உங்களுக்குத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். உடம்பெங்கும் திட்டுத்திட்டாகத் தடிப்பு, உதடு அல்லது கண் வீக்கம், குரல் கம்முதல், விசில் போல மூச்சு, அடுத்தடுத்து வாந்தி, வெளுத்துத் துவண்டு போதல், இவற்றில் எது தெரிந்தாலும் உடனே அங்கிருப்பவர்களைக் கூப்பிடுங்கள். பெரிய பிள்ளைகளும் பெரியவர்களும் ஊசிப் பயத்தில் மயங்குவது உண்டு; படுக்கவைத்தால் ஓரிரு நிமிடத்தில் தெளிந்துவிடுவார்கள். கைக்குழந்தைகள் அப்படி மயங்குவது அரிது. ஆகவே சின்னக் குழந்தை திடீரெனத் துவண்டால், பயத்தில் மயங்கியது என்று விட்டுவிடக்கூடாது.

4. முதல் 2 நாள்: ஊசி இடம் மட்டும்

ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து எண்ணுங்கள். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதில்தான் நிற்கிறது.

இந்த இரண்டு நாளில் வரக்கூடியது ஊசி இடத்தில் வலி, சிவப்பு, சின்ன வீக்கம், கொஞ்சம் சிணுங்கல், அவ்வளவுதான். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்து 5 முதல் 10 நிமிடம் வைக்கலாம். தேய்க்கக்கூடாது, சூடு ஒத்தடம் கூடாது, எண்ணெயும் களிம்பும் தடவக்கூடாது. குளிப்பாட்டலாம்.

"ஊசி போட்டவுடனே ஒரு மூடி காய்ச்சல் மருந்து கொடுத்துவிட்டோம், முன்னெச்சரிக்கையாக" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். எம்.எம்.ஆருக்கு இதில் பலனே இல்லை. அன்று கொடுத்த மருந்து 6 மணி நேரத்தில் தீர்ந்துவிடும், காய்ச்சல் வருவதோ ஒரு வாரம் கழித்து.

இதே நாளில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னிக்கான முத்தடுப்பு ஊசியோ நிமோனியா ஊசியோ சேர்த்துப் போட்டிருந்தால், முதல் 48 மணி நேரத்தில் வரும் காய்ச்சல் அவற்றால்தான் இருக்கும். அதனால்தான் அன்று என்னென்ன போட்டார்கள் என்று முழுப் பட்டியலையும் கேட்டுக்கொள்வது அவசியம். முதல் நாள் ஒரு காய்ச்சல், எட்டாம் நாள் இன்னொன்று என்று இரண்டு தடவை வந்தாலும் குழம்ப வேண்டாம்.

5. 3 முதல் 5-ஆம் நாள்

பொதுவாக ஒன்றும் இருக்காது. இந்த நாட்களில் ஒரே ஒரு வேலை: காலண்டரில் 6-ஆம் நாளிலிருந்து 12-ஆம் நாள் வரை கோடு போட்டு வையுங்கள். நீண்ட பயணத்தையும், குழந்தையைப் புதியவர்களிடம் விட்டுச் செல்வதையும் அந்த வாரத்தில் தவிர்க்க முடிந்தால் நல்லது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும், பாட்டி தாத்தா உட்பட, இந்தத் தேதிகளைச் சொல்லுங்கள். அந்த நாட்கள் தாண்டினாலும், அரிதான சில விளைவுகள் 6 வாரம் வரை வரலாம் என்பதால், தடுப்பூசி அட்டையை 42-ஆம் நாள் வரை கைக்கெட்டும் இடத்திலேயே வையுங்கள்.

6. 6 முதல் 12-ஆம் நாள்: காய்ச்சல்

இதற்கு முன் எதிர்ப்பாற்றல் இல்லாத 100 குழந்தைகளில் 5 முதல் 15 பேருக்கு 39.4 டிகிரிக்கு மேல், அதாவது 103 ஃபாரன்ஹீட்டைத் தாண்டிக் காய்ச்சல் வரலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும், சிலருக்குச் சில நாள் நீடிக்கும். மிச்சமுள்ள பெரும்பாலான குழந்தைகளுக்கு எதுவும் வராது. காய்ச்சல் வரவில்லையென்றால் ஊசி வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை. இந்தக் கேள்வியும் அடிக்கடி வருகிறது.

காய்ச்சல் வந்தால் செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் தெர்மாமீட்டரில் பார்த்து, எண்ணையும் நேரத்தையும் எழுதுங்கள். அடுத்து எண்ணை விட்டுவிட்டுக் குழந்தையைப் பாருங்கள்: கூப்பிட்டால் திரும்புகிறதா, பால் அல்லது தண்ணீர் குடிக்கிறதா, சிறுநீர் போகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா. 39.5 இருந்தும் விளையாடும் குழந்தையைவிட, 38.2 இருந்தும் எழுப்ப முடியாமல் கிடக்கும் குழந்தைதான் கவலைக்குரியது. பிறகு மெல்லிய உடை, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க ஏதாவது. குழந்தை துவண்டு சிணுங்கினால் மருந்து. நன்றாகத் தூங்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்ப வேண்டாம்.

கம்பளியில் சுற்றி வியர்க்கவைப்பதும் ஐஸ் தண்ணீரில் துடைப்பதும் இரண்டுமே கெடுதல். சுற்றினால் சூடு வெளியேறாது. ஐஸ் வைத்தால் நடுக்கம் வந்து உடம்பு இன்னும் சூட்டை உண்டாக்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வாரத்தில் வரும் எல்லாக் காய்ச்சலும் ஊசியால் வருவதல்ல. ஒரு வயதுக் குழந்தைக்குக் காது வலி, சிறுநீர்த் தொற்று, வேறு வைரஸ் காய்ச்சல் எதுவும் இதே வாரத்தில் வரலாம். மூச்சுத் திணறல், விடாத வாந்தி, காதைப் பிடித்து அழுதல், சிறுநீர் கழிக்கும்போது அழுதல் இருந்தால் "ஊசிக் காய்ச்சல்தான்" என்று உட்கார்ந்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவரிடம் முதல் வாக்கியமாக "எம்.எம்.ஆர் போட்டு இன்று இத்தனையாவது நாள்" என்று சொல்லுங்கள்.

7. மருந்து அளவு: தவறு நடக்கும் இடம்

பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் 4 முதல் 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம்.

10 கிலோ குழந்தையை எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு அதிகபட்சம் 150 மி.கி. இப்போது பாட்டிலைப் பாருங்கள். 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் என்றால் 3 மி.லி. 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ளதென்றால் 6 மி.லி.க்குச் சற்று மேல். ஒரு மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள சொட்டு மருந்தென்றால் வெறும் 1.5 மி.லி. மூன்றும் ஒரே மருந்து, ஒரே அளவு. ஆனால் சிரப் பழக்கத்தில் சொட்டு மருந்தை 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. போய்விடும், மூன்று மடங்குக்கும் மேல். அது கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து. "போன தடவை எவ்வளவு கொடுத்தோம்" என்று கேட்டுக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு தடவையும் லேபிளைப் பாருங்கள்.

கொடுத்த நேரத்தை ஒரே தாளில் எழுதுங்கள். அம்மா ஒரு வேளை, அப்பா அதே வேளை என்று இருவரும் கொடுத்துவிடுவது நிஜமாகவே நடக்கிறது. சளி மருந்துகள் சிலவற்றுக்குள்ளும் பாராசிட்டமால் இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு இரட்டிப்பாகும்.

ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. வைரஸ் தொற்றோடு சேர்ந்து, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்குக் காரணமாகலாம். ஐபுப்ரோஃபென் மருத்துவர் சொன்னால் மட்டும்.

8. தடிப்பு: எது சாதாரணம், எது இல்லை

20 குழந்தைகளில் ஒருவருக்குக் காய்ச்சலோடோ அது தணியும் தறுவாயிலோ தட்டம்மை போல மெல்லிய தடிப்பு வரும். முகத்திலோ மார்பிலோ தொடங்கும், இரண்டு மூன்று நாளில் மறைந்துவிடும். மருந்து தேவையில்லை. இது மற்றவர்களுக்குத் தொற்றாது, ஆகவே இந்தத் தடிப்புக்காகக் குழந்தையைக் கர்ப்பிணியிடமிருந்தோ கைக்குழந்தையிடமிருந்தோ பிரித்து வைக்க வேண்டியதில்லை.

புத்தகங்களில் "சிவப்புத் தடிப்பு" என்றே எழுதியிருப்பார்கள். கருத்த தோலில் சிவப்பு தெரியாது, தோலின் நிறம் கொஞ்சம் ஆழ்ந்து ஊதா கலந்தது போல மட்டும் இருக்கும். பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் வைத்துப் பாருங்கள், விரல் நுனியால் மார்பைத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். உள்ளங்கை, உள்ளங்கால், கீழிமையின் உட்புறம், வாயின் உட்புறம் இவற்றில் நிற மாற்றம் எளிதாகத் தெரியும்.

அடுத்து கண்ணாடி டம்ளர் சோதனை. வழவழப்பான டம்ளரின் பக்கவாட்டைத் தடிப்பின் மேல் அழுத்தி, கண்ணாடி வழியாகப் பாருங்கள். அழுத்தும்போது மறைந்தால் சாதாரணத் தடிப்பு. மறையாமல் குண்டூசித் தலை போன்ற புள்ளிகளாக அப்படியே நின்றால், அது தோலுக்கடியில் ரத்தம் கசிந்தது. அதோடு காய்ச்சலும் சோர்வும் இருந்தால், பகலோ இரவோ, உடனே மருத்துவமனை. மூளைக்காய்ச்சல் தரும் சில பாக்டீரியாத் தொற்றுகளும் இப்படித்தான் தொடங்கும்.

அன்றே சின்னம்மை ஊசியும் போட்டிருந்தால், ஒரு மாதத்துக்குள் சில நீர்க்கொப்புளங்கள் வரலாம். அது எம்.எம்.ஆர் தடிப்பல்ல. கொப்புளங்களை மூடி வையுங்கள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களிடமிருந்து தள்ளி இருங்கள். இந்த வைரஸ் மிக அரிதாகப் பிறருக்குப் போகலாம்.

சுற்றுவட்டாரத்தில் தட்டம்மை பரவிக்கொண்டிருக்கும்போது ஊசி போட்டிருந்தால் விஷயம் வேறு. ஊசிக்கு முன்பே உண்மையான வைரஸ் தொற்றியிருக்கலாம். தடிப்போடு கடும் இருமல், மூக்கு ஒழுகல், கண் சிவப்பு மூன்றும் சேர்ந்தால், மருத்துவமனைக்குப் போகுமுன் போனில் சொல்லிவிட்டுப் போங்கள்; காத்திருப்பு அறையில் மற்ற குழந்தைகளுக்குப் பரவாமல் தனியாக உட்காரவைப்பார்கள். ஊசி வைரஸா, நோய் வைரஸா என்று ஆய்வகத்தில் பிரித்துச் சொல்ல முடியும்.

9. காய்ச்சலில் வலிப்பு வந்தால்

3,000 முதல் 4,000 டோஸுக்கு ஒரு குழந்தைக்கு இப்படி நடக்கலாம், அதுவும் பெரும்பாலும் 6 முதல் 14-ஆம் நாளுக்குள். பார்ப்பவர்களுக்கு உயிரே போய்விடும் போலிருக்கும். ஆனால் காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் 5 நிமிடத்துக்குள் தானாக நின்றுவிடும், மூளைக்கு நீடித்த பாதிப்பு எதையும் வைத்துவிட்டுப் போவதில்லை. தட்டம்மை நோயிலேயே காய்ச்சல் வலிப்பு இதைவிடப் பல மடங்கு அதிகம். ஆயிரத்தில் ஒருவருக்கு மூளை அழற்சியும் வரும்.

வலிப்பு தொடங்கியதும் கடிகாரத்தைப் பாருங்கள். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும், பதற்றத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். குழந்தையைத் தரையில் ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், எச்சிலோ வாந்தியோ மூச்சுக்குழாயில் இறங்காது. கழுத்தைச் சுற்றி இருப்பதைத் தளர்த்துங்கள், பக்கத்தில் இருக்கும் கூர்மையான பொருட்களை அகற்றுங்கள். இன்னொருவர் இருந்தால் வீடியோ எடுக்கட்டும். மருத்துவருக்கு உங்கள் வர்ணனையைவிட அது உதவும்.

வாயில் கரண்டி, விரல், துணி எதையும் திணிக்காதீர்கள். கையில் இரும்பு கொடுக்காதீர்கள். கைகால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள். நடக்கும்போதோ, முடிந்து முழுதாகத் தெளியும் முன்போ வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குப் போய்விடும்.

5 நிமிடத்தில் நிற்கவில்லை, மீண்டும் வருகிறது, ஒரு பக்கம் மட்டும் இழுக்கிறது, உதடு நீலமாகிறது, முடிந்த பிறகும் சுயநினைவு திரும்பவில்லை என்றால் ஆம்புலன்ஸ். சீக்கிரம் நின்றுவிட்டாலும் முதல் தடவை என்றால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் காய்ச்சல் வலிப்பு இருந்திருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். அதற்காக ஊசியைத் தள்ளிப்போடுவது எதிர்விளைவைத் தரும். முதல் டோஸை 12 முதல் 15 மாதத்தில் போட்ட குழந்தைகளைவிட, 16 முதல் 23 மாதம் வரை தாமதித்தவர்களுக்குத்தான் ஊசிக்குப் பிந்தைய வலிப்பு அதிகம். எம்.எம்.ஆரோடு சின்னம்மையும் சேர்ந்த, நான்கு நோய்க்கான ஒரே ஊசியை முதல் டோஸாகப் போட்டால், தனித்தனியாகப் போடுவதைவிட இந்த வாய்ப்பு இரு மடங்கு. குடும்பத்தில் வலிப்பு இருந்தால், தனித்தனியாகப் போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

10. 2 முதல் 6 வாரம்: அரிதானவை

கன்னத்துக்கும் காதுக்கும் இடையே, தாடை மூலையில் லேசான வீக்கம் வரலாம். புட்டாளம்மைப் பகுதியின் விளைவு. சில நாளில் வற்றும், பிறருக்குத் தொற்றாது.

மூட்டுவலி குழந்தைகளுக்கு அபூர்வம். எதிர்ப்பாற்றல் இல்லாமல் போட்டுக்கொண்ட வயதுவந்த பெண்களில் நான்கில் ஒருவர் வரைக்கும் வரலாம். விரல், முழங்கால் மூட்டுகள் ஒரு நாள் முதல் மூன்று வாரம் வரை வலித்து, தானாகச் சரியாகும். மருத்துவப் பணிக்குச் சேருமுன் ஊசி போட்டுக்கொள்ளும் இளம்பெண்கள் இதை யாரும் சொல்லாததால் வாத நோய் என்று பயந்துவிடுகிறார்கள்.

30,000 முதல் 40,000 டோஸுக்கு ஒருவருக்கு, 6 வாரத்துக்குள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். அடிபடாமலே கன்றிய திட்டுகள், டம்ளரால் அழுத்தினாலும் மறையாத ஊசிமுனைப் புள்ளிகள், மூக்கிலோ ஈறிலோ ரத்தம். குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கும், அதனால்தான் விட்டுவிடுகிறார்கள். கொசுக்கடி என்று நினைத்துப் பல நாள் கழித்து வருபவர்கள் உண்டு. அன்றே ரத்தப் பரிசோதனை செய்து தட்டணு எண்ணிக்கை பார்க்க வேண்டும். அதுவரை ஐபுப்ரோஃபென் கூடாது, அது ரத்தக் கசிவைக் கூட்டும். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சில வாரங்களில் எண்ணிக்கை ஏறிவிடும்.

சில நாடுகளில் பயன்படும் சில புட்டாளம்மை வைரஸ் ரகங்களுக்கு 2 முதல் 5 வாரத்தில் மூளை உறையில் லேசான அழற்சி அரிதாக வரும். தலைவலி, வாந்தி, கழுத்தை முன்னால் வளைக்க முடியாமை தெரிந்தால் ஊசியின் பெயரையும் நாளையும் சொல்லி மருத்துவமனையில் காட்டுங்கள்.

42 நாள் தாண்டி வரும் சளி, காய்ச்சல், பல் முளைக்கும்போது வரும் சிணுங்கல் ஆகியவற்றை இந்த ஊசியின் கணக்கில் எழுத வேண்டாம். ஆட்டிசமும் அப்படியே. அதன் அறிகுறிகள் கண்ணில் படத் தொடங்கும் வயதும் இந்த ஊசியின் வயதும் ஒன்றாக இருப்பதால் தொடர்பு இருப்பது போலத் தோன்றுகிறது. டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2019-ல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக இல்லை. குழந்தையின் பேச்சிலோ பார்வையிலோ சந்தேகம் இருந்தால் அதற்கான பரிசோதனையை உடனே தொடங்குங்கள். ஊசியைக் குறை சொல்லிக் கழியும் மாதங்கள், அந்தக் குழந்தைக்குப் பயிற்சி கிடைக்காமல் போன மாதங்கள்.

11. இரண்டாம் டோஸுக்கு முன்

முதல் டோஸில் என்ன நடந்தது, எந்த நாளில், எவ்வளவு நேரம் என்பதைத் தடுப்பூசி அட்டையிலேயே இரண்டு வரி எழுதி வையுங்கள். வலிப்பு, தட்டணுக் குறைவு, தீவிர ஒவ்வாமை, மருத்துவமனையில் சேர்த்தது இவற்றில் ஏதாவது என்றால் ஊசி போட்ட இடத்தில் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். காரணம் ஊசிதான் என்று உறுதியாகத் தெரிய வேண்டியதில்லை, சந்தேகம் போதும்.

முதல் டோஸுக்கு வெறும் காய்ச்சலும் தடிப்பும் வந்திருந்தால் இரண்டாவதைத் தாராளமாகப் போடலாம். சொல்லப்போனால் அப்போது பெரும்பாலும் எதுவுமே வராது. முதல் டோஸில் எதிர்ப்பாற்றல் வந்துவிட்டவர்களின் உடம்பில் இரண்டாம் டோஸின் வைரஸ் பெருகவே முடியாது, பெருகாவிட்டால் காய்ச்சலும் இல்லை. முதலில் எதிர்ப்பாற்றல் வராமல் போன சிலருக்குத்தான் அந்த 6 முதல் 12 நாள் மறுபடி வரும். காய்ச்சல் வலிப்பு வந்த குழந்தைக்கும் பொதுவாக இரண்டாம் டோஸ் போடலாம், மருத்துவரோடு பேசிவிட்டுப் போடுங்கள். தட்டணு குறைந்திருந்தால் அவர் எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்வார். தீவிர ஒவ்வாமை வந்திருந்தால் மட்டும் ஒவ்வாமை நிபுணரைப் பார்க்காமல் அடுத்த டோஸுக்கு வர வேண்டாம்.